சின்ன எஃப், சின்ன எச், பெரிய எல்

மாங்குளம் சந்திக்குக் கிழக்கே
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
சட்ட உதவி என்று பலகை சொல்கிறது.
சட்டத்தரணி செவ்வாயில் மட்டும் வருவார்,
மற்ற நாட்களில் நானும் ரவுட்டரும்.

இன்று வியாழன்.
பவளராணியக்கா ஹெல்மெட்டோடேயே கதிரையில் இருந்தா.
"என்ரை மூண்டு ஏக்கருக்குள்ள கல்லு நட்டிருக்கிறாங்கள்.
வர்த்தமானியில வந்திட்டுதாம்.
எந்த வர்த்தமானி எண்டு கேட்டன்,
நெற்றில பாருங்கோ எண்டிட்டு ஜீப்பில ஏறிட்டாங்கள்."

நெற்றில் பார்க்கிறேன்.

மூன்று மொழிக்கும் மூன்று பொத்தான்.
சிங்களம் திறக்கிறது. ஆங்கிலம் திறக்கிறது.
தமிழை அழுத்தினால் ஆங்கிலமே திரும்பி வருகிறது,
பிழையான வீட்டுக் கதவைத் தட்டியவரைப் போல.
முதன்மைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது.
அதன் முதுகில் திருத்தம்,
திருத்தத்தின் முதுகில் திருத்தம்:
'அல்லது' எனும் சொல்லுக்குப் பதிலாக
'மற்றும்' எனும் சொல்லை இடுக.
ஒரு 'மற்றும்' மூன்று ஏக்கரைத் தின்னுமா?
தின்னும். கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்துத் தருகிற தளமும் உண்டு.
ஆனால் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
தையல் எந்த ஆண்டோடு நின்றது என்று போட்டிருக்கிறது.
அதற்குப் பிறகான வருடங்களுக்கு
வேறொரு தளம், சுற்றிக்கொண்டேயிருக்கிற வேறொரு வட்டம்.

கடைசியில் அகப்பட்டது அந்த அதிவிசேடம்.
தமிழிலேயே. நாற்பத்தேழு பக்கம்.
காடு என்று அடித்துத் தேடினேன்.
பூச்சியம்.
காட்டைப் பற்றிய வர்த்தமானியில் காடே இல்லை.

பிறகுதான் பிடிபட்டது, பழைய பாமினி.
கண்ணுக்குத்தான் அது தமிழ்.
இயந்திரத்துக்கு, ஆங்கில எழுத்துக்கு மேலே போர்த்த சீலை.
கச்சேரியில் மூன்று வருடம் தட்டச்சடித்த விரல்
மறக்கவில்லை:
சின்ன எஃப். சின்ன எச். பெரிய எல்.
காடு.
நாற்பத்தொரு இடத்தில் மஞ்சள் விழுந்தது.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினா.
"இப்ப வயலைத் தேடும்."
டீ, ஏ, வை, அரைப்புள்ளி.
இல்லை.
நெற்காணி? அதுவும் இல்லை.
"எங்கட குளத்தைத் தேடும்."
பாலையடிக்குளம் இல்லை.
இடைவெளி விட்டுத் தேடினேன், இல்லை.
லகரத்தைத் தூக்கிவிட்டு ளகரத்தைப் போட்டேன்.
பாளையடிக்குளம், பக்கம் முப்பத்துமூன்று.
எங்கேயோ ஒரு குளிரறையில்
எங்கள் பாலை மரம் தென்னம்பாளையாகியிருக்கிறது.

வடக்கு எல்லை: கைவிடப்பட்ட குளம்.

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தா.
"இடம்பெயர்ந்தது நாங்கள்.
குளம் எங்க போனது? அங்கதானே கிடந்தது."
கழுத்து வியர்வையைத் துடைத்தபடி பிறகு கேட்டா,
நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை:
"இதுக்குப் பிறகு மாத்தி ஒண்டும் வரேல்லையோ?
இண்டைக்கு, இந்த நிமிசம், அது என்ன, காடோ வயலோ?"

மாதம் மாதமாகத் திறந்தேன்.
நடுவில் டேட்டா முடிந்தது.
கீழ்க்கடைப் பெடியன் ரீலோட் போட்டுத் தந்தான்.
பங்குனி இல்லை. சித்திரை இல்லை. வைகாசி திறக்கவேயில்லை.
வரவில்லை என்பதற்கும்
வந்தது இன்னும் ஏற்றப்படவில்லை என்பதற்கும்
இந்தத் தளத்தில் ஒரே பதில்தான், வெறும் வெள்ளை.
அப்படியே சொன்னேன்.
வேறு விதமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

முப்பத்துமூன்றாம் பக்கத்தை அச்செடுத்தேன்.
மை குறைவு, வடக்கு எல்லை மங்கலாக வந்தது.
"எத்தினை மணிக்குப் பார்த்தனீர் எண்டு
கையால எழுதும். பிறகு கதை மாறக்கூடாது."
திகதியும், நாலு பன்னிரண்டு என்றும் எழுதி
ஒப்பம் வைத்தேன்.
ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு இறங்கினா.

மோட்டார் சைக்கிள் கண்டி வீதிக்கு ஏறுகிற சத்தம்.
நாலு பதினெட்டு.
திரும்ப ஒருக்கால் வைகாசியை அழுத்துகிறேன்.